4 நாள் தாய்லாந்து: பட்டாயாவை விட்டா அங்க என்ன இருக்கு?

2 பிப்ரவரி 2025, இரவு 9.40 (கேள்வி)

ஏப்ரல் லீவுல குடும்பமா ஒன்பது பேர் தாய்லாந்து போகலாம்னு இருக்கோம். நாலு நாள்தான் கிடைக்கும். எந்த டிராவல்ஸ்ல கேட்டாலும் ஒரே பிளானைத்தான் நீட்டறாங்க: ரெண்டு ராத்திரி பட்டாயா, ரெண்டு ராத்திரி பாங்காக், ஒரு தீவு, ஒரு சஃபாரி, ஒரு நகைக்கடை. போயிட்டு வந்த என் மச்சான், “கலாச்சாரம்னு பார்க்க அங்க ஒண்ணும் கிடையாது. எங்க திரும்பினாலும் தங்க புத்தர். மூணாவது கோயில்லயே போரடிச்சிடும், பட்டாயாவை விட்டா டிக்கெட் காசு தண்டம்”னு சொல்றான். உண்மையா? வயசானவங்க ரெண்டு பேர், சுத்த சைவம் மூணு பேர் வர்றாங்க.

3 பிப்ரவரி 2025, காலை 7.10

உங்க மச்சான் சொன்னதுல பாதி சரி. தங்க புத்தர் நிறையவே இருக்கார்.

போன மாசம்தான் நாங்க பதினோரு பேர் போயிட்டு வந்தோம். பட்டாயா பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்கல. பாங்காக், அயுத்தயா, காஞ்சனபுரி, அவ்வளவுதான். ஆபீஸுக்கு நேரமாச்சு, மீதியை ராத்திரி எழுதறேன்.

3 பிப்ரவரி 2025, இரவு 10.25

எங்க கூட்டம்: நான், மனைவி, ஒன்பதாவது படிக்கிற பையன், சித்தப்பா சித்தி, மனைவியோட மாமா (மின்வாரியத்துல இருந்து ரிட்டயர் ஆனவர், பூண்டு கூடத் தொட மாட்டார்), 72 வயசு பெரியம்மா, ஆபீஸ் நண்பர்கள் நாலு பேர். ஜனவரி 8 ராத்திரி சென்னையில ஏறினோம், 13 ராத்திரி திரும்பினோம். மூன்றரை மணி நேரம்தான் ஃபிளைட். ஏன் அந்தத் தேதின்னா, 14-ம் தேதி காலையில வீட்டு வாசல்ல பொங்கல் பானை வச்சே ஆகணும்னு மனைவி கண்டிஷன். வச்சோம். கண்ணு ரெண்டும் கோவைப்பழம் மாதிரி சிவந்து வச்சோம்.

முதல் நாள் பாங்காக் ராஜா அரண்மனை. டிக்கெட் 500 பாட். ஒரு பாட் இரண்டரை ரூபான்னு வச்சுக்கோங்க, அப்ப ஆளுக்கு 1,250 ரூபா. “இந்தக் காசுக்கு எங்க ஊர்ல ஒரு கோயிலுக்கு வெள்ளையடிச்சிடலாம்”னு சித்தப்பா. முக்கால் பேண்ட் போட்டுக்கிட்டு வந்த நண்பரை வாசல்லயே நிறுத்திட்டாங்க. எதிர்க்கடையில யானைப் படம் போட்ட லொடலொட பேண்ட் ஒண்ணு வாங்கி மாட்டினப்புறம்தான் விட்டாங்க. வேட்டி கட்டின மாமாவைக் காவலர் ஏற இறங்கப் பார்த்தார், கணுக்கால் வரைக்கும் இருக்கேன்னு விட்டுட்டார். அன்னிக்கு முழுக்க மாமா நடை வேற மாதிரி இருந்துச்சு.

ஒரு எச்சரிக்கை. அரண்மனைக்கு நடந்து போற வழியில சட்டையெல்லாம் டக் பண்ணின ஒரு பெரிய மனுஷன், “இன்னிக்கு மதியம் வரைக்கும் மூடியிருக்கு, விசேஷ பூஜை, நான் வேற நல்ல கோயில் காட்டறேன், துக்-துக் 20 பாட்தான்”னார். மூடல. எல்லா நாளும் இதையேதான் சொல்வாங்க போல. நாங்க பாதி ஏறி உட்கார்ந்தே விட்டோம். பையன்தான் போன்ல பார்த்துட்டு இறங்கச் சொன்னான்.

உள்ள மரகத புத்தர். சின்னச் சிலை, 66 செ.மீ. தான், ஆனா உச்சாணியில உட்கார்ந்திருக்கார். கோடை, மழை, குளிர்னு வருஷத்துக்கு மூணு தடவை உடுப்பு மாத்துவாங்க, மாத்தறது ராஜா. நாங்க போனப்ப குளிர்கால உடுப்பு. “நம்ம பெருமாளுக்கு மார்கழியில கம்பளி போத்தற மாதிரிதான்”னு பெரியம்மா ஒரே வரியில முடிச்சாங்க.

4 பிப்ரவரி 2025, காலை 6.50

திருத்தம்: நேத்து மரகதம்னு எழுதினேன். பேர்தான் மரகத புத்தர், கல் மரகதம் இல்ல, பச்சை ஜேட் வகை. ராத்திரியே ஒரு நண்பர் தனிச்செய்தியில காதைத் திருகிட்டார்.

4 பிப்ரவரி 2025, இரவு 9.15

கோயில் போரடிக்கும்னு சொன்ன மச்சானுக்காக இந்தக் குறிப்பு.

அந்த மரகத புத்தர் கோயிலைச் சுத்தி பிராகாரம் மாதிரி ஒரு நீளத் தாழ்வாரம். சுவர் முழுக்க ராமாயணம், 178 ஓவியம். அங்க அதுக்கு ராமகியென்னு பேர். இப்ப இருக்கிற ராஜவம்சத்தோட முதல் ராஜா, முதலாம் ராமா, 1797-ல எழுதி முடிச்ச வடிவம்தான் பெருசு. ராஜாக்களுக்கே ராமா ஒண்ணு, ராமா ரெண்டுன்னு வரிசை எண் போட்டுத்தான் பேச்சு. இப்ப இருக்கிறவர் பத்தாவது.

மாமாவுக்கு ராமாயணம் அத்துப்படி. பையனை இழுத்து வச்சுக்கிட்டு ஒவ்வொரு சுவரா கதை சொல்லிக்கிட்டே வந்தார். பத்து முகமா பச்சையா நிக்கற காவல் பூதத்தைப் பார்த்து “இது ராவணன்”னார், சரி. அவனுக்கு அங்க தோட்சகன்னு பேர், தசகண்டன்தான் அப்படி ஆயிடுச்சு. கடல் நடுவுல மீன் வால் வச்ச ஒரு பொண்ணுகூட வெள்ளைக் குரங்கு கொஞ்சிக்கிட்டு இருக்கிற இடம் வந்ததும் மாமா நின்னுட்டார். பக்கத்துல இருந்த ஒரு கைடு இங்கிலீஷ்ல விளக்கறார்: அது அனுமான், அவ ராவணன் மகள், சுவன்னமச்சா, தங்க மீன். பாலம் கட்ட விடாம கல்லைத் தூக்கிட்டுப் போனவ, அப்புறம் இவர்கிட்ட மயங்கி, ஒரு பிள்ளையும் பிறந்துச்சாம். அதோட விடல. விபீஷணன் பொண்ணு இன்னொருத்தி. இன்னும் யார் யாரோ.

“அனுமாரா? நம்ம அனுமாரா?”ன்னு மூணு தடவை கேட்டார் மாமா. அதுக்கு மேல சீதையே ராவணனுக்கும் மண்டோதரிக்கும் பிறந்த குழந்தை, ஆகாதுன்னு ஆத்துல விட்டுட்டாங்கன்னு கைடு சொன்னதும் மாமா, “வாடா போலாம்”னு பையன் கையைப் பிடிச்சுட்டார். பையன் நகரல. அந்த ஒரு மணி நேரம் அவன் போனைத் தொடவே இல்ல, அது எனக்குப் போதும்.

ராத்திரி ஹோட்டல்ல மாமா தானா ஆரம்பிச்சார்: “கடலைத் தாண்டி வந்த கதை, கொஞ்சம் உப்புக்காத்து பட்டிருக்கும்.” அவர் அளவுக்கு அது பெரிய சமாதானம்.

6 பிப்ரவரி 2025, இரவு 8.30

சாப்பாடு பத்தி நாலு பேர் கேட்டிருக்கீங்க.

சைவம்னா அங்க ரெண்டு சொல். ஒண்ணு “ஜே”. மஞ்சக் கொடியில சிவப்பு எழுத்து, பார்க்க நம்ம 17 மாதிரி இருக்கும். அந்தக் கொடி தொங்கற கடையில முட்டை, மீன் சாஸ் மட்டும் இல்ல, பூண்டு வெங்காயம் கூடச் சேர்க்க மாட்டாங்க. மாமாவுக்கு அது சொர்க்கம். இன்னொண்ணு “மங்சவிரட்”. மாம்ச விரதின்னு சமஸ்கிருதம்தான், காது கொடுத்துக் கேட்டா புரியும். இதுல முட்டை வரும்.

சும்மா “வெஜ்”னு சொன்னா கறியை எடுத்துட்டு மீன் சாஸை ஊத்திக் கொடுப்பாங்க, அவங்க கணக்குல அது உப்பு மாதிரி. பப்பாளிக்காய் சாலட்ல காய்ஞ்ச இறாலும் இருக்கும். சித்தி தெரியாம ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு “நல்லாத்தான் இருக்கு”ன்னாங்க. யாரும் எதுவும் சொல்லல. நான் இங்க எழுதினதை அவங்க படிக்க மாட்டாங்கன்னு நம்பறேன்.

கையில குட்டி ரைஸ் குக்கர், பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் கொண்டு போனோம். ஆனா மாம்பழத்தோட தேங்காய்ப்பால் ஊத்தின ஒட்டரிசிச் சோறு கிடைச்ச அன்னிக்கு குக்கரைத் திறக்கவே இல்ல.

7 பிப்ரவரி 2025, காலை 7.00

மிதக்கும் சந்தை கேட்டவருக்கு: போகல. காலையில நாலு மணிக்கு பெரியம்மாவை எழுப்பி ரெண்டு மணி நேரம் வேன்ல உட்கார வைக்க மனசு வரல. யானைச் சவாரிக்கும் போகல, பையன் கூடாதுன்னுட்டான்.

9 பிப்ரவரி 2025, ஞாயிறு

இன்னிக்கு நேரம் இருக்கு, அயுத்தயா எழுதிடறேன்.

பாங்காக்ல இருந்து வடக்கே 80 கி.மீ. பேரைப் பார்த்தாலே தெரியும், அயோத்தி. 1350 வாக்குல கட்டின தலைநகரம், நானூறு வருஷத்துக்கு மேல ஓகோன்னு இருந்துச்சு. 1767-ல பர்மாப் படை கொளுத்திட்டுப் போயிட்டாங்க. அப்புறம் தலைநகரமே தெற்கே இறங்கிடுச்சு. 1991-ல இருந்து யுனெஸ்கோ பட்டியல்ல இருக்கு.

வேன் வேண்டாம், ரயில்ல போங்க. ஹுவா லம்போங்னு பழைய ஸ்டேஷன், அங்க மூணாம் வகுப்பு டிக்கெட் 20 பாட். நம்ம ஊர் பாசஞ்சர் மாதிரியே ஜன்னல் திறந்து, வாழை இலையில கட்டின பலகாரம், ஐஸ் பெட்டியில பாட்டில் எல்லாம் வந்துக்கிட்டே இருக்கும்.

ஸ்டேஷன்ல ஒரு விஷயம். சரியா காலை எட்டு மணி. ஸ்பீக்கர்ல பாட்டு ஆரம்பிச்சுது. எதிர்ல வந்துக்கிட்டிருந்த மொத்தக் கூட்டமும் நட்ட மரமா நின்னுடுச்சு. துடைப்பம் வச்சிருந்த அம்மா, ஸ்கூல் பையன், காபி வாங்கிக்கிட்டு இருந்தவர், எல்லாரும். நாங்க பதினோரு பேர் மட்டும் பெட்டியை உருட்டிக்கிட்டு “பிளாட்பாரம் எத்தனை, பிளாட்பாரம் எத்தனை”ன்னு சத்தம். பெரியம்மாதான் முதல்ல கவனிச்சு, என் சட்டையைப் பிடிச்சு இழுத்து நிறுத்தினாங்க. தேசிய கீதம். காலை எட்டு, சாயங்காலம் ஆறு, தினமும். பாட்டு முடிஞ்சதும் துடைப்பம் விட்ட இடத்துல இருந்து தொடர்ந்துச்சு.

நாங்க போனது ஜனவரி 10, வைகுண்ட ஏகாதசி. மாமா விரதம். “அயோத்தியில ஏகாதசி, யாருக்குக் கிடைக்கும்”னு இளநீரும் பம்ப்ளிமாஸும் மட்டும் சாப்பிட்டுக்கிட்டு, தவளை மூஞ்சி வச்ச அந்த ஊர் துக்-துக்ல முன்னால உட்கார்ந்துக்கிட்டார்.

மகாதாத் கோயில்ல எல்லாரும் படத்துல பார்த்த அந்தப் புத்தர் தலை. மரத்தோட வேர் பின்னிப் பிணைஞ்சு முகத்தை மட்டும் விட்டு வச்சிருக்கு. போட்டோ எடுக்கணும்னா குனியணும், இல்ல உட்காரணும். நம்ம தலை அவர் தலைக்கு மேல போகக்கூடாது. நின்னா காவலர் விசில். அதை விட எனக்கு மனசுல நின்னது சுத்தி இருக்கிற தலையில்லாத புத்தர்கள். வரிசையா, செங்கல் தெரிய, மடியில கை வச்சபடி. தலையை வெட்டினது பர்மாக்காரங்கன்னு எல்லா கைடும் சொல்வாங்க. அப்புறம் வந்த தலைமுறைகள்ல விக்கறதுக்காக அறுத்து எடுத்ததும் நிறையன்னு எங்களைக் கூட்டிட்டுப் போன பெண் சொன்னாங்க. மெதுவா சொன்னாங்க.

திரும்பும்போது ரோட்டோரம் பூரா ஒரே பண்டம்: மெல்லிசா ரொட்டி, அதுக்குள்ள கலர் கலரா பஞ்சுமிட்டாய் நூல் வச்சு சுருட்டித் தின்னணும். அந்த ஊர் முஸ்லிம் குடும்பங்களோட கைப்பக்குவம். ரெண்டு பாக்கெட் வாங்கி ஊருக்குக் கொண்டு வரலாம்னு நினைச்சேன், ரயில்லயே தீர்ந்துச்சு.

10 பிப்ரவரி 2025, இரவு 10.05

“தமிழ்த் தொடர்பு இருக்கா, சும்மா சோழர் பெருமை அடிக்காதீங்க”ன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். நியாயம். இருக்கிறதை மட்டும் சொல்றேன்.

தெற்கே, அந்தமான் கடல் பக்கம், தகுவாபான்னு ஒரு ஊர். அங்க கிடைச்ச 9-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ‘அவனிநாரணம்’னு ஒரு குளத்தையும் மணிக்கிராமம் வணிகர் குழுவையும் சொல்லுது. மூன்றாம் நந்திவர்மன் காலம்னு சொல்றாங்க, பல்லவர், சோழர் இல்ல. அதை விடப் பழசு, கிராபி பக்கம் கிடைச்ச ஒரு பொன் உரைகல். தமிழ் பிராமியில ‘பெரும்பதன் கல்’. ஒரு தட்டான் தன் கல்லுல தன் பேரை எழுதி வச்சிருக்கார், அவ்வளவுதான். ராஜா இல்ல, படை இல்ல, ஒரு பட்டறைக்காரர். எனக்கு இதுதான் பிடிச்சது. ரெண்டுமே நாலு நாள் பயணத்துல வராது, ரொம்பத் தெற்கு.

பாங்காக்லயே பார்க்கக்கூடியது ரெண்டு. சிலோம் தெருவுல மாரியம்மன் கோயில், 19-ஆம் நூற்றாண்டுல போன தமிழங்க கட்டினது. உள்ளூர்க்காரங்க ‘வாட் கேக்’ம்பாங்க. கேக்னா விருந்தாளி. நம்மளையெல்லாம் இன்னும் அந்தப் பேர்லதான் சொல்றாங்க. சாயங்காலம் போனப்ப கூட்டத்துல பாதிக்கு மேல தாய் இளைஞர்கள், ஆபீஸ் அடையாள அட்டை கழுத்துல தொங்க, தட்டுல தேங்காயும் சாமந்தி மாலையுமா. அர்ச்சனை பண்ற முறை எங்களை விட அவங்களுக்கு நல்லாத் தெரியுது.

ரெண்டாவது, ராட்சத ஊஞ்சல். அதைத் தனியா எழுதணும்.

12 பிப்ரவரி 2025, இரவு 9.50

ராட்சத ஊஞ்சல், அவங்க பாஷையில சாவோ சிங் சா. நடுரோட்டுல 30 மீட்டர் உயரத்துக்கு ரெண்டு சிவப்புத் தேக்குத் தூண், மேல ஒரு அலங்காரக் குறுக்குச் சட்டம். ஊஞ்சல் இல்ல, சட்டம் மட்டும்தான். ஒரு காலத்துல ஆளுங்க இதுல ஏறி ஆடி, எதிர்ல மூங்கில் உச்சியில கட்டின காசு முடிச்சைப் பல்லால கவ்வணும். விழுந்து செத்தவங்க உண்டு. 1935-ல நிறுத்திட்டாங்க. இப்ப நிக்கற தூண் 2007-ல புதுசா நட்டது.

அந்தத் திருவிழாவுக்குப் பேர் த்ரியம்பவாய்–த்ரிபவாய். ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க. திருவெம்பாவை, திருப்பாவை. ஊஞ்சல் போச்சு, பூஜை போகல. எதிர்ல இருக்கிற தேவஸ்தான்ல, 1784-ல கட்டின அரண்மனைப் பிராமணர் கோயில், அவங்க கணக்குல ரெண்டாம் சந்திர மாசத்துல, அதாவது நம்ம மார்கழி–தை வாக்குல, இன்னும் நடக்குது. தலைமுறை தலைமுறையா கிரந்த எழுத்துல இருந்து வந்த தமிழ்ப் பாட்டை ஓதறாங்க. அர்த்தம் போயிடுச்சு, உச்சரிப்பும் நமக்குப் புரியற மாதிரி இல்ல. மந்திரமா நிக்குது.

நாங்க போனது கடைசி நாள், ஜனவரி 13. திருவாதிரை. பிளான் பண்ணல, அப்படி அமைஞ்சுது. வெள்ளை உடையில, முடியைக் கொண்டையா முடிஞ்ச ஒரு இளைஞர் முற்றத்துல தண்ணி தெளிச்சுக்கிட்டு இருந்தார். சன்னதி மூடியிருந்துச்சு. பெரியம்மா அந்த மார்கழி முழுக்க ஒரு நாள் விடாம, ஹோட்டல் பாத்ரூம்ல கூட, திருவெம்பாவை சொல்லிக்கிட்டு வந்தவங்க. மூடின கதவு முன்னால கண்ணை மூடி முதல் பாட்டை ஆரம்பிச்சாங்க. பெரிய குரல் இல்ல. ‘எம்பாவாய்’னு முடியற இடத்துல அந்த இளைஞர் வாளியைக் கீழ வச்சுட்டுத் திரும்பிப் பார்த்தார். சிரிச்சார். கை கூப்பினார். அவருக்குப் புரிஞ்சுதா, வயசானவங்க பாடறாங்களேன்னு மரியாதையான்னு எனக்குத் தெரியல. பெரியம்மாகிட்ட கேட்டா, “அவருக்குத் தெரியும்”னு ஒரே முடிவு.

13 பிப்ரவரி 2025

30 மீட்டர் இல்ல, 21 மீட்டர் சொச்சம். நிமிர்ந்து பார்த்தப்ப கழுத்து வலிச்சுது, அதுல ஒன்பது மீட்டர் கூடிடுச்சு. சொன்னவருக்கு நன்றி.

16 பிப்ரவரி 2025, ஞாயிறு

காஞ்சனபுரி. இதைத் தள்ளிப் போட்டுக்கிட்டே வந்தேன்.

முதல்ல இயற்கை. எராவான் அருவி, ஐராவதம்தான் அந்தப் பேர். ஏழு அடுக்கு. தண்ணி பச்சையும் நீலமுமா, சுண்ணாம்புப் பாறை. ஒவ்வொரு அடுக்கும் நீச்சல் குளம் மாதிரி. காலை விட்டா மீன் வந்து கடிக்கும், சித்தப்பா கத்தின கத்துல ஒரு ஜெர்மன் குடும்பமே எழுந்து நின்னுச்சு. பையனும் நண்பர்களும் ஏழாவது வரைக்கும் ஏறினாங்க, நான் நாலோட திரும்பிட்டேன், பெரியம்மா ரெண்டாவது அடுக்குல பாறை மேல உட்கார்ந்து காலை நனைச்சுக்கிட்டாங்க. வயசானவங்களுக்கு ரெண்டாவது வரைக்கும் பயமில்ல, தரை சமம்.

அதுக்கு முந்தின நாள் ரயில். க்வாய் ஆத்துப் பாலத்துல ஏறி தாம் க்ராசே வரைக்கும். மலைச் சரிவுல ஆத்தை ஒட்டி மரச் சட்டத்து மேல ரயில் ஊர்ந்து போகும். ஜனவரி ரெண்டாம் சனிக்கிழமை அங்க குழந்தைகள் தினம், பெட்டி முழுக்க பலூனும் தொப்பியுமா பிள்ளைங்க. பாட்டு, கைதட்டல். எங்க நண்பர்கள் எல்லாம் ஜன்னல்ல தொங்கிக்கிட்டு வீடியோ. பெரியம்மா மட்டும் உள்பக்கச் சீட்ல உட்கார்ந்து வெளிய பார்க்காம இருந்தாங்க. தலை சுத்துதோன்னு நினைச்சேன்.

பிளான் போட்டப்பவே அவங்க கேட்டது இந்த ஒரு ஊரை மட்டும்தான். ஏன்னு நான் கேட்கல. அவங்களோட பெரியப்பா, அதாவது அவங்க அப்பாவுக்கு அண்ணன், நாமக்கல் பக்கத்துக் கிராமத்துல இருந்து மலாயா ரப்பர் தோட்டத்துக்குப் போனவர். ஜப்பான்காரன் வந்தப்புறம் கடிதம் நின்னுடுச்சு. போர் முடிஞ்சு திரும்பின யாரோ ஒருத்தர் சொன்னது ஒரு வரி: “சயாமுக்கு ரயில் போடப் பிடிச்சிட்டுப் போனாங்க.” ஓசியில படம் காட்டறோம்னு கூப்பிட்டு கொட்டகைக் கதவை அடைச்சு லாரியில ஏத்தினாங்கன்னு வீட்டுல பேச்சு. அவ்வளவுதான். பெரியம்மா அவரைப் பார்த்ததே இல்ல, போட்டோவும் கிடையாது. ஆனா அவங்க அப்பா சாகற வரைக்கும் ஆடி அமாவாசைக்கு அண்ணனுக்குத் தர்ப்பணம் பண்ணல. செத்தார்னு யாரும் சொல்லலையேன்னு.

சயாம்னா தாய்லாந்தோட பழைய பேர். போர்க்காலத்துல அங்க இருந்து பர்மாவுக்கு ஜப்பான் ராணுவம் போட்ட ரயில் பாதை அது, நாங்க போன ரயிலும் அதுல மிச்சம் இருக்கிறதுலதான் ஓடுது. மொத்தம் 415 கி.மீ. 1942-ல ஆரம்பிச்சு 1943 அக்டோபர்ல முடிச்சுட்டாங்க. வேலை செஞ்சதுல போர்க்கைதிகள் 60,000-க்கு மேல, ஆசியக் கூலிகள் ரெண்டு லட்சம் வாக்குல. செத்தவங்க கைதிகள்ல 12,000-க்கு மேல, கூலிகள்ல தொண்ணூறாயிரம் இருக்கலாம்னு சொல்றாங்க. மலாயாவுல இருந்து போனதுல தமிழங்கதான் ரொம்ப. காலரா, பட்டினி, அடி.

ஊர் நடுவுல போர்க் கல்லறைத் தோட்டம். புல்லை வெட்டின விதத்துலயே ஒரு மரியாதை இருக்கு. 6,982 பேரைப் புதைச்சிருக்காங்க. பிரிட்டிஷ், டச்சு, ஆஸ்திரேலியா. கல்லறைகள் மேல வெண்கலத் தகடு, பேர், வயசு, பலதுல வீட்டுக்காரங்க எழுதிக் கொடுத்த ஒரு வரி. பெரியம்மா வரிசை வரிசையா குனிஞ்சு பார்த்துக்கிட்டே போனாங்க. அவங்களுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. அவங்க தேடினது தமிழ் எழுத்து. முப்பது நிமிஷம் விட்டுட்டேன், எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நுழைவாயில்ல இந்தியச் சிப்பாய்கள் பதினோரு பேரோட பேர் இருக்கு, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல.

கடைசியில சொன்னேன். ராணுவத்துக்குப் பேர்ப்பட்டியல் இருந்துச்சு, சண்டை முடிஞ்சதும் ஆள் வச்சுத் தேடி, எலும்பைச் சேர்த்துக் கொண்டு வந்து புதைச்சாங்க. கூலிக்காரங்களுக்குப் பட்டியலே கிடையாது, இங்க அவங்களுக்குன்னு ஒரு கல்லும் கிடையாது. பெரியம்மா, “தோட்டத்துல சம்பளம் போட்டவன்கிட்ட பட்டியல் இருந்திருக்குமே”ன்னாங்க.

எனக்குப் பதில் இல்ல. வெளிய வந்து எல்லாரும் தேங்காய் ஐஸ்கிரீம் சாப்பிட்டோம்.

17 பிப்ரவரி 2025

நேத்து எழுதினதுக்கு இவ்வளவு பதில் வரும்னு நினைக்கல. “டூர் இழையில சோகம் எதுக்கு”ன்னு கேட்டவருக்கு: கேள்வியே பட்டாயாவை விட்டா என்ன இருக்குன்னுதானே.

இலேசா ஒண்ணு சொல்றேன், சரியா? அந்தப் பாலம் இருக்கே, அது உண்மையில நின்னது மே க்ளோங் ஆத்து மேல. ஹாலிவுட் படம் ஒண்ணு க்வாய் ஆறுன்னு சொல்லிடுச்சு. வர்றவங்க எல்லாம் க்வாய் எங்க, க்வாய் எங்கன்னு கேட்டதுல, 1960 வாக்குல அந்த ஆத்துப் பகுதிக்கே க்வாய் யாய்னு பேரை மாத்திட்டாங்க.

19 பிப்ரவரி 2025, இரவு 11.30

நான் எழுதினது தப்பு. பெரிய தப்பு.

ஈப்போவுல இருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கார். கல்லறைத் தோட்டத்துக்குப் பக்கத்துலயே வாட் தாவோன் வராராம்னு ஒரு வியட்நாமிய பௌத்தக் கோயில். அந்த வளாகத்துல ஆசியத் தொழிலாளர்களுக்கு நினைவிடம் இருக்கு. தமிழங்களுக்குன்னு 2023-ல ஒரு நடுகல்லும் வச்சிருக்காங்க. தமிழ்ல எழுதினது.

மேப்பைத் திறந்து பார்த்தேன். நாங்க ஐஸ்கிரீம் சாப்பிட்ட இடத்துல இருந்து நடந்து போற தூரம்.

கோயில் கோயிலா அனுமாருக்கு எத்தனை பொண்டாட்டின்னு எண்ணிட்டு வந்த நான், போறதுக்கு முன்னால பத்து நிமிஷம் தேடியிருக்கலாம். பெரியம்மாகிட்ட இன்னும் சொல்லல.

23 பிப்ரவரி 2025

சொல்லிட்டேன். போன்ல கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், “கல்லு இருக்கில்ல, போதும்”னாங்க. அஞ்சு நிமிஷம் கழிச்சு அவங்களே கூப்பிட்டு, “நீ அன்னிக்கு வேன்காரனை அவசரப்படுத்தின”ன்னாங்க. ஆமா, அவசரப்படுத்தினேன்.

30 மார்ச் 2025

கேள்வி கேட்ட நண்பர் தனிச்செய்தியில கேட்டது: பர்மா நிலநடுக்கத்துல பாங்காக்லயே கட்டுமானத்துல இருந்த ஒரு கட்டடம் இடிஞ்சு விழுந்துச்சே, ஏப்ரல் பயணத்தை ரத்து பண்ணலாமான்னு. நான் என்ன சொல்ல. ஏர்லைன்ஸ், ஹோட்டல் ரெண்டையும் கேளுங்க, வயசானவங்களுக்குக் கீழ் மாடி ரூம் கேளுங்க. நானா இருந்தா போவேன்.

ஏப்ரல் 13-லிருந்து 15 வரைக்கும் சொங்க்ரான், அவங்க வருஷப் பிறப்பு, நம்ம சித்திரை ஒண்ணும் அதேதான். தெருவுல யாரா இருந்தாலும் தண்ணி ஊத்துவாங்க. போனுக்கு பிளாஸ்டிக் உறை வாங்கிக்கோங்க. உங்களுக்கு நாலு நாள்தான்னா அயுத்தயாவையும் காஞ்சனபுரியையும் விடாதீங்க, அரண்மனையைக் கூட விடலாம். இல்ல, விடாதீங்க, அந்தச் சுவரை மச்சானுக்குக் காட்டணும்.

2 ஏப்ரல் 2025

இன்னொண்ணு: மே 1-லிருந்து போறவங்க முன்னாடியே ஆன்லைன்ல வருகைப் படிவம் நிரப்பணும்னு அறிவிச்சிருக்காங்க. ஏப்ரல்ல போறவங்களுக்கு இல்ல. படிவத்துக்குக் காசு கிடையாது, யாராவது கேட்டா போலி இணையதளம்.

27 ஏப்ரல் 2025, இரவு 9.00

போயிட்டு வந்துட்டாங்க. மச்சானும் கூடப் போனாராம். நாலு நாளும் நனைஞ்சாங்களாம்.

நான் கேட்காமலேயே அவர் ஒரு காரியம் பண்ணியிருக்கார். காஞ்சனபுரியில அந்தக் கோயிலைத் தேடிப் போயி, தெருவுல விக்கற குட்டி மல்லிகை மாலை ஒண்ணை நடுகல் முன்னால வச்சு போட்டோ அனுப்பியிருக்கார். கல்லுல இருக்கிற தமிழ் தெளிவா விழுந்திருக்கு.

இன்னிக்கு பெரியம்மா வீட்டுக்குப் போய் போன்ல காட்டினேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கிட்டு, ரெண்டு விரலால பெருசாக்கிப் பெருசாக்கி, எழுத்து எழுத்தா வாய்விட்டுப் படிச்சாங்க. அப்புறம் படத்தைக் கீழ நகர்த்தி மாலையைப் பார்த்தாங்க.

“மல்லி வாடியிருக்கு. காலையிலயே போயிருக்கணும்.”